ஹீற்றர் போடாத அறை

மச்சாள் எங்களுடன் இருக்க வந்தது எண்பத்தாறாம் ஆண்டு நவம்பரில். மொன்றியலில் வந்து இறங்கி, அங்கே முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தோடு மூன்று கிழமை இருந்து, பிறகு பஸ் ஏறி ரொறொன்ரோவுக்கு வந்தா. என் கணவரின் மூத்த சகோதரி. என்னைவிடப் பன்னிரண்டு வயது கூட. அவவுடைய கணவரை முந்தின வருடம் யாழ்ப்பாணத்தில் வீட்டு வாசலில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவரைப்பற்றி ஒரு தகவலும் இல்லை. பிள்ளைகளும் இல்லை. பஸ்ஸால் இறங்கியபோது ஒரு சின்னப் பெட்டியும், யாரோ கொடுத்த ஆம்பிளைச் சப்பாத்தும், அது கழராமல் காலுக்கு இரண்டு சோடி மேசும்.

நாங்கள் அப்போது ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் வாடகைக்கு இருந்தோம். இரண்டு சின்ன அறை, ஒரு குசினி, நிமிர்ந்தால் தலை முட்டும் ஒரு குளியலறை. நான், கணவர், மூன்று வயது மகள். மேலே வீட்டுக்காரர் குடும்பம். மட்டக்களப்புக்காரர், எங்களுக்குப் பல வருடம் முந்தி வந்து வேலை, கார், வீடு என்று நிலைத்தவர்கள். அந்த அண்ணை விட்பிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு விடியக் காரில் போய்ப் பின்னேரம் வருவார். நல்ல மனிதர் என்றுதான் நினைத்திருந்தோம். இன்றைக்கும் கெட்டவர் என்று சொல்ல மனம் வரவில்லை.

மேல்வீட்டுக்குக் காஸில் ஓடும் சூடு. அந்தக் காற்று எங்கள் பக்கம் வராது. எங்களுக்குச் சுவரோரம் நிலத்தோடு நீட்டாகப் பொருத்திய மின்சார ஹீற்றர்கள், அறைக்கு ஒன்று. கீழே எரிகிற கரண்டுக்குத் தனி மீற்றர். அதற்கு வருகிற ஹைட்ரோ பில் எங்களுடையது. வாடகைக்கு எடுத்தபோது இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தோம். முதல் குளிர்காலத்திலேயே விளங்கிவிட்டது. கரண்டால் வீட்டைச் சூடாக்குவது காசை எரித்துக் குளிர்காய்வது மாதிரி.

ஆகவே இரண்டாம் வருடம் எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம். ஒக்ரோபர் முடியமுன்னர் கூரைக்குச் சற்றுக் கீழே இருக்கிற அந்தச் சின்ன ஜன்னல்களுக்கு உள்ளே பிளாஸ்ரிக் தாள் விரித்து, நாலு பக்கமும் ரேப் ஒட்டினோம். கதவுக்கடியில் பழைய துவாயைச் சுருட்டி வைத்தோம். குசினி ஹீற்றரை அநேகமாகப் போடுவதில்லை, சமையல் சூடு போதும் என்று. நான் பேக்கரி ஒன்றில் காலமை ஆறு மணி வேலை. கணவர் பிளாஸ்ரிக் வாளி செய்கிற இடத்தில் வேலைக்கு நின்றார். இரண்டு பேரும் வேலைக்குப் போனால் மகளைப் பார்க்க ஆளில்லை என்று தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் மச்சாள் வந்து சேர்ந்தா.

சின்ன அறையை அவவுக்குக் கொடுத்தோம். வீட்டின் வடக்கு மூலை. அதுவரை அதில் பெட்டிகளும் மகளின் விளையாட்டுச் சாமானும்தான் இருந்தன. ஹீற்றர் போட்டதே இல்லை. கணவர் எங்கேயோ ஒரு மெத்தை வாங்கிவந்து நிலத்தில், வெளிச்சுவரோடு சேர்த்துப் போட்டார். ஹீற்றரின் திருகாணியைத் திருப்பி, "அக்கா, குளிர்ந்தால் கூட்டு, புழுங்கினால் குறை," என்று காட்டிக் கொடுத்தார். மச்சாள் கையை நீட்டி அந்தத் தகரத்தில் வெப்பம் வருகிறதா என்று பார்த்தா. "நல்ல வசதியாத்தான் இருக்கு," என்றா.

மச்சாளுக்கு வேலை செய்யும் அனுமதி இன்னும் வரவில்லை. வீட்டிலேயே நின்றா. நான் பேக்கரியால் வரும்போது சமையல் முடிந்திருக்கும், மகள் குளித்துச் சாப்பிட்டு நித்திரையாகியிருப்பாள். மேலே உடுப்புத் தோய்க்கிற மெசின் இருந்தது, கிழமைக்கு ஒரு நாள் எங்களுக்கு. மச்சாள் அதற்குக் காத்திருக்கமாட்டா. அன்றன்று உடுப்பைக் கையால் தோய்த்து, தன்னுடைய அறையில் சுவருக்குச் சுவர் கயிறு கட்டி அதில் காயப்போடுவா. நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

ஜனவரியில் பில் வந்தது. நான் வேலையால் வந்த களைப்பில் சப்பாத்தும் கழற்றாமல் குசினி மேசையில் இருந்து அதைப் பிரித்தேன். கணவர் எதிரில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். மச்சாள் சிங்கில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றா, முதுகு எங்களுக்கு.

"இதென்ன இப்பிடி வந்திருக்கு?" என்றேன். "ஒரே ஒரு அறைதானே கூடினது. அதுக்கு இவ்வளவோ?"

கணவர் கண்ணைக் காட்டினார். "சரி, விடும். குளிர் கூட," என்றார்.

"போன வருசமும் குளிர்தான்," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. சண்டை பிடிக்கவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. மச்சாள் தண்ணீர்ப் பைப்பை மூடினா, பாத்திரத்தைத் துடைத்து அடுக்கினா, போய் மகளுக்குச் சீப்பால் தலை இழுத்துவிட்டா. அவவுக்குக் கேட்கவில்லை என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். அந்தக் குசினி எட்டடி அகலம்.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளின் போர்வையைத் தேடி மச்சாளின் அறைக்குள் போனேன். மச்சாள் குசினியில் நின்றா. கதவைத் திறந்தவுடன் குளிர் முகத்தில் அடித்தது. ஈர உடுப்புகள் கயிற்றில் தொங்கின. போர்வையை எடுக்கக் குனிந்தபோது என் கால் ஹீற்றரில் பட்டது. ஐஸ் மாதிரி. திருகாணி கடைசிவரை மூடியிருந்தது. மெத்தையில் இரண்டு போர்வை, அவற்றின்மேல் கணவரின் பழைய ஜக்கெற், அதற்கும் மேல் யாரோ கொடுத்த கம்பளிக் கோட்.

நான் திருகாணியைத் தொட்டேன். தொட்டது நன்றாக நினைவிருக்கிறது. பிறகு கையை எடுத்துவிட்டேன். அவவுக்குக் குளிர் பழகியிருக்கும், தேவையென்றால் போடுவாதானே, ஒரு பெரிய மனுசிக்கு நான் சொல்லிக் கொடுக்கவேணுமா என்று இரண்டு மூன்று காரணம் ஒன்றாக வந்தன. போர்வையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, குளிர் எங்கள் பக்கம் வராமல் கதவைச் சாத்தினேன்.

அடுத்த பில் குறைந்து வந்தது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதை மறைத்து எழுதுவதில் பயனில்லை.

பெப்ரவரியில் வீடு வியர்க்கத் தொடங்கியது. சோறு வடிக்கும் ஆவி, குளிக்கிற வெந்நீர் ஆவி, தோய்த்த உடுப்பிலிருந்து வருவது எல்லாம் வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றியது. ஜன்னல் பிளாஸ்ரிக்கின் உட்பக்கம் தண்ணீர் துளித்துளியாக ஓடி வந்து ரேப்பில் தேங்கும். மாப்பெட்டிக்குள் மா கட்டிபட்டது. மேல்வீட்டு அக்கா, அண்ணையின் மனைவி, ஒரு நாள் உப்புக் கேட்டு இறங்கி வந்தவ, மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "என்ன புள்ள, புழுங்கின மணம் ஒண்டு வருது. ஜன்னல ஒருக்காத் திறந்து விடுங்களன்," என்றா. சூட்டை வெளியே விட்டு வெளியைச் சூடாக்கவா என்று நான் மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். அவவுக்கு மேலே காஸ் சூடு.

சனிக்கிழமைகளில் மச்சாளின் அறையிலிருந்து ப்ளீச் மணம் வரும். துப்புரவு பார்க்கிற ஆள் என்று நினைத்தேன். அவ சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தா என்பது பிறகுதான் தெரியும். மெத்தைக்குப் பின்னால் சுவரில் கறுப்பு வரும், இவ துடைப்பா, அது திரும்ப வரும். யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் காரணம் கேட்போம், காரணம் கேட்டால் ஹீற்றர் கதை வரும் என்று நினைத்திருக்கவேண்டும்.

இருமல் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. "சளிதான்," என்றா. கொத்தமல்லி அவித்துக் குடித்தா. கணவர் டொக்ரரிடம் போகச் சொன்னார். "அகதிக் கேஸ் முடியாமல் ஆஸ்பத்திரி அது இது எண்டு போய், வருத்தக்காரி எண்டு திருப்பி அனுப்பிப்போடுவாங்களோ தெரியாது," என்றா. அப்படி ஒரு பயம் அப்போது வந்திருந்த எல்லோருக்கும் இருந்தது. ஆகவே நாங்களும் வற்புறுத்தவில்லை.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. நான் வேலையால் வந்து பக்கவாசலைத் திறந்தேன். கீழே இறங்கும் படிகளின் நடுவில் மச்சாள் இருந்தா. மகள் அவவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். மச்சாளின் தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. உதடு நீலம் பாரித்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் இருந்து விசில் மாதிரி ஒரு சத்தம்.

"மச்சாள், என்ன செய்யுது?"

பதில் சொல்ல அவவால் முடியவில்லை. கையைக் காட்டி மகளைத் தூக்கச் சொன்னா. மகள்தான் சொன்னாள்: "மாமி மேல போகப் பாத்தவ. ஏற ஏலாதாம்."

மேல்வீட்டுக்குப் போய் உதவி கேட்க ஏறியிருக்கிறா. ஆறு படி ஏறிவிட்டு அதற்குமேல் முடியாமல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அந்தப் படியிலேயே இருந்திருக்கிறா. மகள் கீழே விழாமல் பிடித்துக்கொண்டு.

அம்புலன்ஸ் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் கொடுத்தார்கள். நியூமோனியா, அதோடு ஆஸ்துமா என்றார்கள். மச்சாளுக்கு ஊரில் ஒருநாளும் ஆஸ்துமா இருந்ததில்லை. இரண்டாம் நாள் ஓர் இளம் டொக்ரர் பிள்ளை வந்து கட்டில் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டா. நான்தான் மொழிபெயர்த்தேன். எங்கே இருக்கிறார், யாராவது புகைப்பார்களா, நாய் பூனை உண்டா. பிறகு, படுக்கிற அறையில் சூடு இருக்கிறதா என்று கேட்டா.

நான் மச்சாளைப் பார்த்தேன். மூக்கில் பைப்போடு அவ என்னைப் பார்த்தா.

"இருக்கு எண்டு சொல்லும்," என்றா.

நான் இருக்கு என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

டொக்ரர் அதற்குப் பிறகு ஒரு சொல் சொன்னா. எனக்கு அது விளங்கவில்லை. வேறு விதமாகச் சொல்லிப் பார்த்தா. சுவரில் கறுப்புப் புள்ளி, ஈரம், பழுதாய்ப்போன பாணில் வருவதுபோல. பூஞ்சணம். மச்சாளிடம் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டா.

வீட்டுக்கு வந்து நேரே அந்த அறைக்குப் போனேன். மெத்தையின் மூலையைப் பிடித்து இழுத்தேன். கடைசிக் கிழமைகளில் அவவால் துடைக்க முடிந்திருக்காது; அது சுவரில் ஒட்டியிருந்தது. இழுத்தபோது சின்னச் சத்தத்தோடு கழன்றது. மெத்தை இருந்த இடம் முழுக்க, நிலத்திலிருந்து என் முழங்கால் உயரம் வரைக்கும், சுவர் கறுப்பு. சில இடத்தில் பச்சை, மயிர் முளைத்த மாதிரி. மெத்தையைப் புரட்டினேன். அடிப்பக்கம் ஈரமாய்க் கறுத்திருந்தது. அவ தலை வைத்த இடம் எது என்று தெரிந்தது, அங்கேதான் மெத்தை கூடுதலாகப் பழுதாகியிருந்தது. ஆணியில் தொங்கிய கம்பளிக் கோட்டைத் திருப்பினேன். முதுகுப்பக்கம் வெள்ளைப் பூப்பூவாகப் பூஞ்சணம். அதைத்தான் மூக்குவரை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்திருக்கிறா.

கணவர் வந்து பார்த்தார். மேலே போய் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணை வேலை உடுப்போடு வந்து, வாசலில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

பிறகு, "இது உங்கட ஈரம்தான் தம்பி," என்றார். "ஜன்னலெல்லாம் பிளாஸ்ரிக் ஒட்டி மூடி வச்சிருக்கீங்க. உள்ளுக்க உடுப்புக் காயப்போடுறீங்க. ஹீற்றரும் போடல்ல. ஆவி எங்க போறது? குளிர்ந்த சுவரிலதானே போய்ப் படியும்."

அவர் சொன்னது உண்மை. கணவர் அப்போதுதான் திரும்பி என்னைப் பார்த்தார். "ஹீற்றர் போடேல்லையோ? ஏன் போடேல்லை?"

நான் கயிற்றில் கிடந்த உடுப்புகளை எடுக்கத் தொடங்கினேன்.

கணவர் பொக்கற்றிலிருந்து சாவியை எடுத்துச் சுவரில் சுரண்டினார். வெள்ளைப் பெயின்ற் தோல் உரிவதுபோலப் பெரிய துண்டாக உரிந்து வந்தது. அதற்குக் கீழே ஒரு மஞ்சள் பெயின்ற். இரண்டுக்கும் இடையில் கறுப்பு, காய்ந்த பழைய கறுப்பு. இன்னும் சுரண்டினார். மஞ்சளுக்குக் கீழேயும் கறுப்பு. சீமெந்து ஈரமாக, விரலால் தள்ள உதிர்ந்தது.

"அண்ணை, உதுவும் எங்கட ஈரமோ?" என்று கேட்டார்.

அண்ணை நிலத்தைப் பார்த்தார். "வீடு வாங்கக்குள்ளயே கொஞ்சம் இருந்திச்சு," என்றார். "வெளியால மழைத்தண்ணி நிக்கிற மூலை. பெயின்ற் அடிச்சாச் சரியாயிரும் எண்டு நினைச்ச நான். ஆள் படுக்கிற அறையாப் பாவிப்பீங்க எண்டு நினைக்கல்ல."

யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. அண்ணை அந்த மாத வாடகை வேண்டாம் என்றார். மேல்வீட்டு அக்கா ஆஸ்பத்திரிக்கு இரண்டு நாள் சோறு கட்டிக் கொடுத்தா. ஒரு மாதத்தில் நாங்கள் வேறு இடம் போனோம், மாடிக்கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்துக்கு. சூடு வாடகையோடு சேர்த்தி. நாங்கள் போன பிறகு அந்தச் சுவரை உடைத்துத் திருத்தினார் என்று கேள்விப்பட்டேன்.

அன்றைக்குக் கணவர் கேட்ட கேள்விக்கு நான் பிறகும் பதில் சொல்லவில்லை. அவரும் திரும்பக் கேட்கவில்லை. ஆனால் கிட்டத்தட்ட ஒரு வருடம் அவர் என்னோடு கதைத்த விதம் வேறு. சாப்பாடு, மகள், வேலை நேரம், இவ்வளவும்தான்.

மச்சாள் பதினாறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தா. வந்தபோது உடம்பு பாதி. கையில் புகைபோல மருந்து அடிக்கும் பம்ப் ஒன்று. நெஞ்சு இனி முந்தினமாதிரி வராது என்று டொக்ரர் சொல்லிவிட்டா. வேலை செய்யும் அனுமதி அந்த வைகாசியில் வந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பெண்களுக்குக் கிடைத்த வேலை ஒபிஸ் துப்புரவாக்குவது, துணித் தொழிற்சாலை, பேக்கரி. மருந்துத் தண்ணி மணம், துணித் தூசு, மா. மூன்றும் அவவுக்கு ஆகாது. ஒரு தையல் தொழிற்சாலையில் நாலு நாள் நின்றா. ஐந்தாம் நாள் சுப்பவைசர் பெண் கையைப் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுப்போனா.

எண்பத்தெட்டில் ஒரு சனிக்கிழமை மத்தியானம். கணவர் மகளை வெளியே கூட்டிப் போயிருந்தார். மச்சாள் குசினி மேசையில் பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தா. நான் எதிரில் இருந்தேன். அதற்கு முன்னர் எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்து விட்டிருக்கிறேன். அன்றைக்கு ஏன் வந்தது என்று தெரியாது.

"மச்சாள், அந்தப் பேஸ்மென்றில நீங்கள் ஹீற்றரை நிப்பாட்டி வச்சிருந்ததை நான் கண்டனான். ஒரு ஞாயிற்றுக்கிழமை. கண்டிட்டுப் பேசாமல் வந்திட்டன்."

அவ பயற்றங்காயை முறிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்," என்றா. "நான் குசினியிலதானே நிண்டனான். நீர் போர்வையோட வெளியில வரேக்க உம்மட முகத்தைப் பாத்தனான்."

"பின்னை ஏன் என்னோட ஒண்டும் கதைக்கேல்லை?"

"என்னத்தைக் கதைக்கிறது?" கொஞ்சம் இருமினா, தண்ணீர் குடித்தா. "நீர் வந்து, ஹீற்றரைப் போடுங்கோ மச்சாள் எண்டு சொல்லுவீர் எண்டு ரெண்டு மூண்டு நாள் பாத்தன். பிறகு விட்டிட்டன்."

கோபமாகச் சொல்லவில்லை. அடுப்பில் என்ன இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னா. நான் அழுதேன். அவ எழும்பி வந்து என்னைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்; அது அவவுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். முறித்த பயற்றங்காயை அள்ளிச் சட்டியில் போட்டுக் கழுவப் போனா. போகும்போது, "டொக்ரரிட்டை நானும் பொய்தானே சொன்னனான். அதை மட்டும் நீர் எனக்காகத்தான் சொன்னீர்," என்றா.

அன்றிரவு எல்லாவற்றையும் கணவருக்குச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "எனக்கும் தெரியும்," என்றார். "மார்ச்சில சுவரைப் பாத்த அண்டைக்கு இல்லை, அதுக்கு முந்தியே. பில் குறைஞ்சு வந்த அண்டைக்கு நினைச்சனான், அக்கா நிப்பாட்டிப்போட்டா எண்டு. நானும் போய்ப் பாக்கேல்லை." அதற்குப் பிறகு அவர் என்னோடு பழையபடி கதைக்கத் தொடங்கினார். ஆனால் அக்காவின் முகத்தை நேரே பார்த்துக் கதைப்பது அவருக்குக் குறைந்துபோனது.

மச்சாளுக்கு எண்பத்தொன்பதில் இங்கே இருக்க அனுமதி கிடைத்தது. அதற்குள் அதே கட்டடத்தில் வேலைக்குப் போகும் பெண்களின் பிள்ளைகள் நாலு பேரைப் பகலில் பார்த்து வந்தா. அதில் ஒரு குடும்பம் பிக்கரிங்கில் புது வீடு வாங்கிப் போனபோது, தங்களோடு வந்து மேல்மாடியில் ஓர் அறையில் இருந்துகொண்டு பிள்ளையைப் பார்க்கும்படி கேட்டார்கள். எங்களிடம் அவ யோசனை கேட்கவில்லை. போகப்போகிறேன் என்று சொன்னா. கணவர் ஒரு முறை, "ஏன் அக்கா, இஞ்ச என்ன குறை?" என்று கேட்டார். "ஒரு குறையும் இல்லை," என்றா.

போய்ச் சேர்ந்த கிழமையிலிருந்து சனிக்கிழமைகளில் போன் எடுப்பா. முதலில் மகளோடு கதைப்பா, பள்ளிக்கூடம், படம் கீறினது, பல் விழுந்தது. பிறகு என்னோடு. அந்த வீட்டுப் பிள்ளை என்ன சாப்பிடுகிறது, அங்கே மீன் எங்கே வாங்குவது, ஊரிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தது. இடையில் மூச்சு வாங்கும். அப்போது கதையை நிறுத்திவிடுவா. நான் போனைக் காதில் வைத்தபடி, அவ திரும்பத் தொடங்கும்வரை காத்திருப்பேன்.